தொலைத்தவர் உள்ள பொருளும் தொலைத்தவர் இல்லாப் பொருளும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில், வஹகோட்டை என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தினால் அவ்வூர் நாடறிந்த பெயர் பெற்றது. இந்நாட்டில் அந்தோனியார் ஆலயங்களுக்குக் கத்தோலிக்கர் மாத்திரமன்றிப் பிற சமயத்தவரும் செல்வதைக் காணலாம். 1195-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரிற் பிறந்து, 1231-ஆம் ஆண்டிற் பாதுவா நகரின் அருகே மறைந்த அத்துறவி, காணாமற்போன பொருள்களை மீட்டுத் தருபவர் என்பது பரந்த நம்பிக்கை. திறப்புக் கோவையைத் தவறவிட்டவரும், வயலில் மோதிரத்தை நழுவவிட்டவரும் அவர் பெயரைச் சொல்லித் தேடுவர். அகப்பட்டால் மெழுகுதிரி ஏற்றுவர்.

காணாமற்போன பொருளைத் தேடுவதற்கு விஞ்ஞானமும் ஒரு துணைக்கருவியைத் தந்திருக்கிறது. அதுவே உலோகங்காட்டி. ‘மெட்டல் டிடெக்டர்’ என்றும், செய்திகளில் ‘ஸ்கேனர்’ என்றும் அது வழங்கப்படுகின்றது. ஒரு கோல், அதன் அடியில் வட்டமான கம்பிச்சுருள், மேலே ஒரு சிறு பெட்டி, காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பான் ஆகிய இவ்வளவே அதன் உறுப்புகள். இக்கருவியைப் பயிலப் புகும் ஒருவர் எங்கே தொடங்க வேண்டும், எதைக் கற்க வேண்டும், எந்த இடத்திற் கையை நிறுத்த வேண்டும் என்பவற்றை வஹகோட்டை மண்ணை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

முதலிற் கருவியின் வரலாறு. மின்சாரமும் காந்தமும் ஒன்றையொன்று தூண்டும் என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார். கம்பிச்சுருளில் மாறிமாறி ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்கும். அப்புலத்துள் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அத்துண்டினுள்ளும் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தைப் பரப்பும். அந்த மறுமொழியை வேறொரு சுருள் வாங்கி ஒலியாக்கும். விநாடிக்குப் பல்லாயிரம் முறை இந்த வினாவும் விடையும் மண்ணுக்கும் கருவிக்கும் இடையே நிகழ்கின்றன. உலோகங்காட்டியின் தத்துவம் முழுவதும் இதுவே.

இத்தத்துவத்தை மனித உயிரைக் காக்கும் பணியில் முதன்முதல் ஈடுபடுத்தியவர்களுள் ஒருவர், தொலைபேசியால் அறியப்பட்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல். 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு துப்பாக்கியாற் சுடப்பட்டார். உடலுட் புதைந்த குண்டு எங்கே கிடக்கிறது என்பதை வைத்தியர்களால் அறிய இயலவில்லை. பெல் தமது மின்கருவியுடன் நோயாளியின் படுக்கையருகே வந்தார். கருவி நன்றாகவே இயங்கியது. ஆயினும் குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உலோகக் கம்பிச்சுருள்கள் ஒலியைக் குழப்பின. அன்றியும், குண்டு வலப்பக்கத்திலேயே இருக்கிறது என்று நம்பிய தலைமை வைத்தியர் அப்பக்கத்தை மாத்திரமே சோதிக்க விட்டார். அதுவோ இடப்பக்கத்திற் கிடந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் ஜனாதிபதி மறைந்தார். எங்கே தேடுவது என்பதிற் பிழை நேர்ந்தால், எத்துணைச் சிறந்த கருவியும் பயன்படாது என்பதை அச்சம்பவம் உணர்த்திற்று.

இரண்டாவது உலகப் போரின்போது, ஸ்கொத்லாந்திற் புகலடைந்திருந்த போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாக்கி என்பவர், ஒருவர் கையிற் பிடித்து நடக்கத்தக்க நிலக்கண்ணி காட்டி ஒன்றை 1941-ஆம் ஆண்டையொட்டி ஆக்கினார். 1942-ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்தின் எல் அலமெயின் போர்க்களத்தில் அவ்வகைக் கருவிகள் நூற்றுக்கணக்கிற் பயன்பட்டன. போருக்குப் பின்னரே பொழுதுபோக்காளர் கைக்கு இக்கருவி பரவலாக வந்தது. உயிர் காக்கும் பொருட்டு வளர்ந்த கருவி இது என்பதைப் பயில்வோர் மறத்தலாகாது.

இனிப் பயிற்சி. வஹகோட்டையில் வாழும் இளைஞன் ஒருவன் இக்கருவியைப் பழக விரும்புகிறான் என்று கொள்ளலாம். அவன் முதலாவதாகச் செய்ய வேண்டியது விசாரணை. இத்தகைய கருவிகளும் நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் கருவிகளும் புதையல் தோண்டுவோரிடம் அகப்பட்டுப் பொலிசாரால் கைப்பற்றப்படும் செய்திகள் இந்நாட்டில் அடிக்கடி வெளிவருகின்றன. ஆகையால் கருவியை வாங்குவதற்கு முன்னரே, அதனை வைத்திருப்பதற்கும் பாவிப்பதற்கும் எத்தகைய அனுமதி வேண்டும் என்பதைப் பொலிஸ் நிலையத்திலும் தொல்பொருளியல் திணைக்களத்திலும் கேட்டறிந்துகொள்வது விவேகம்.

அடுத்தது, சொந்த வளவிலே ஒரு பயிற்சிப் பாத்தி. நான்கு முழ நீளமான, குப்பை கூளம் அற்ற நிலத்தைத் தேர்ந்து, அதனுள் ஏற்கெனவே உலோகம் எதுவும் இல்லை என்பதைக் கருவியினாலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர் ஒரு பழைய நாணயம், ஒரு புதிய நாணயம், ஓர் இரும்பாணி, சோடாப் போத்தலின் மூடி, அலுமினியத் தாளின் துண்டு, ஒரு பித்தளை வளையம் ஆகியவற்றை ஒரு சாண் இடைவெளியில், வெவ்வேறு ஆழங்களிற் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சியை நாட்டி, எது எங்கே என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்பாத்தியின் மேல் நாள்தோறும் சிறிது நேரம் கருவியை வீசிப் பழகினால், காது தானாகவே கல்வி பெறும். பொதுவாக, வெள்ளியும் செம்பும் தெளிந்த உயர்ந்த ஒலி தரும். இரும்பு தாழ்ந்த, உடைந்த ஒலி தரும். ஆயினும் இவ்விதிக்கு மயக்கங்கள் உண்டு. பழைய இலங்கை நாணயங்களுட் பல செம்பும் நிக்கலும் கலந்தவை. அண்மைக்காலத்து நாணயங்களுட் பல உருக்கினால் ஆனவை. ஆகவே புதிய நாணயம் இரும்புக் குப்பையைப் போல முணுமுணுக்கும். மெல்லிய பொன் மோதிரமும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே ஒலியைத் தருவதும் உண்டு. குப்பையை ஒதுக்கும் விசையைத் திருகிவிட்டு நடப்பவன், தேடிய மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவான். தொடக்கத்தில் எல்லா ஒலிகளையும் கேட்டுப் பழகுவதே நலம்.

கருவியை வீசும் முறையும் கற்க வேண்டியதே. சுருளை நிலத்திற்குச் சமாந்தரமாக, இரண்டு விரற்கடை உயரத்திற் பிடித்து, மெதுவாக இடமும் வலமும் கொண்டு செல்ல வேண்டும். புல் அறுப்பவன் அரிவாளை வீசுவதுபோல ஈற்றில் உயர்த்தினால், உயர்ந்த இடத்தில் ஆழம் குறையும். ஒவ்வொரு வீச்சும் முன்னைய வீச்சின் பாதியையேனும் மூட வேண்டும். ஒலி கேட்ட இடத்தைக் குறுக்காகவும் ஒரு முறை வீசிப் பார்த்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியிற் பொருள் கிடக்கும். சாதாரணக் கருவிகளால் ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்துக்குள் அறியலாம். அதற்கு மேல் நம்பிக்கை வைப்பது வீண். பத்து முழ ஆழத்திற் பொற்குடம் காட்டும் என்று விலை பேசுவோரை அணுகாதிருப்பது பணத்துக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு.

மண்ணும் பேசும். செம்மண்ணின் நிறமே இரும்புச் சேர்க்கையால் வந்தது. இரும்புக் கனியங்கள் மிகுந்த நிலத்தில் உலோகமே இல்லாத இடத்திலும் கருவி ஒலிக்கும். அந்த மண்ணின் முனகலுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்து, அதன்பின் எழும் ஒலியை மாத்திரமே பொருட்படுத்த வேண்டும். மாரியில் நனைந்த மண் ஒருவகையாகவும், கோடையிற் காய்ந்த மண் வேறொருவகையாகவும் விடை தரும். ஒரே பாத்தியை இரு பருவங்களிலும் சோதித்தவனுக்கு இது விளங்கும்.

அகழ்வதற்கு அலவாங்கு வேண்டாம். மேசனின் சாந்தகப்பை ஒன்று போதும். புல்லை மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை விட்டு, மூடியைத் திறப்பதுபோல் மடித்து, மண்ணைச் சாக்கின் மேல் எடுத்து வைத்து, பொருள் கிடைத்தபின் மண்ணை அதே குழியிலிட்டுப் புல்லை மூடி மிதித்துவிட வேண்டும். குழியை மூடாது செல்பவனால் மாட்டின் கால் முறியும். மறுநாள் எவரும் தம் காணியில் அவனை அடியெடுத்து வைக்க விடார்.

இந்தப் பொறுமையை இலங்கையிலே மிகச் செம்மையாகக் கற்றவர்கள் வடக்கு கிழக்கிற் கண்ணிவெடி அகற்றுவோர் ஆவர். 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், வன்னியிலும் முகமாலைப் பகுதியிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கால் வைக்க முடியாது கிடந்தது. அந்நிலத்தை அங்குலம் அங்குலமாக மீட்டவர்களுள், போரிற் கணவரை இழந்து குடும்பச் சுமையைத் தாங்கிய பெண்கள் பலர். அவர்கள் வேலையைத் தொடங்குமுன் தெரிந்த உலோகத் துண்டின் மேற் கருவியைச் சோதித்துக்கொள்வர். எல்லைக் குச்சிகளுக்கு அப்பால் ஓர் அடியும் வைப்பதில்லை. ஒலி கேட்டால், அந்த இடத்தை நேரே தோண்டுவதுமில்லை. சற்றுத் தள்ளித் தொடங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி, மெல்ல அணுகுவர். நூறு ஒலிகளுள் தொண்ணூற்றொன்பது ஆணியாகவோ தகரமாகவோ முடியினும், நூறாவதற்குரிய கவனத்தையே ஒவ்வொன்றுக்கும் அளிப்பர். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பயிற்சி இல்லாத ஒருவர் பொழுதுபோக்கின் பொருட்டு நிலத்தைக் கிளறுதல் உயிருக்கே உலை வைப்பதாகும்.

வஹகோட்டையில் அத்தகைய வெடிகள் இல்லை. ஆயினும் அந்த மண்ணிலும் கையை நிறுத்த வேண்டிய இடம் உண்டு. அதற்குக் காரணம் அவ்வூரின் வரலாறு.

வஹகோட்டையிலே, தம் முன்னோர் போர்த்துக்கேயர் என்று தலைமுறை தலைமுறையாகக் கூறிவரும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் கத்தோலிக்கர், இன்று பேசுவது சிங்களம். கண்டியரசரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயப் படைவீரர்களே அங்குக் குடியேற்றப்பட்டனர் என்பது மரபு. 1638-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்தான். 1656-இற் கொழும்பும், 1658-இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது, கண்டி இராச்சியத்தினுட் புகலடைந்தோரும் உளர். இத்தகைய அலைகள் ஒதுக்கிய மக்களின் வரலாறு பெரும்பாலும் நினைவிலும் வாய்மொழியிலுமே நிற்கின்றது. ஏட்டில் எழுதப்படாத பக்கங்கள் அவ்வூரின் மண்ணுள் இருக்கலாம்: ஒரு சிலுவை, ஒரு தோட்டா, ஒரு பொத்தான், ஒரு நாணயம்.

அவ்வாறாயின், இளைஞன் ஒருவன் தன் வளவிற் போர்த்துக்கேய நாணயம் ஒன்றைத் தோண்டியெடுத்து மேசை மேல் வைத்தால், மரபு மெய்யென நிறுவப்பட்டுவிடுமா? ஆகாது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1660-ஆம் ஆண்டு முதல் 1679-ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்திற் சிறைவாழ்க்கை நடத்தித் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட தம் நூலில் அக்காலத்து நாணயங்களை மூவகையாகக் கூறுகின்றார். ஒன்று, போர்த்துக்கேயர் அடித்தது. ஒரு பக்கம் அவர்தம் அரசச் சின்னமும் மறுபக்கம் துறவி ஒருவரின் உருவமும் பொறிக்கப்பட்டது. இரண்டாவது, தூண்டில் முள்ளைப் போல வளைந்த வெள்ளிக் கம்பிக் காசு. மூன்றாவது, அரசனன்றிப் பிறர் அடித்தால் மரணதண்டனைக்குரிய மிகச் சிறிய பணம். அஃதாவது, போர்த்துக்கேய நாணயம் கண்டி நாட்டார் கைகளிலும் சாதாரணமாகவே புழங்கியது. நெல் விற்ற சிங்களக் குடியானவன் மடியிலிருந்தும் அது விழுந்திருக்கலாம்.

ஆகவே தனித்து நிற்கும் நாணயம் யாரையும் அடையாளங் காட்டாது. அது எந்த மண்படையிற் கிடந்தது, எவ்வகை ஓட்டுடன் கிடந்தது, அடுப்புக் கரியின் அருகிலா, சுவரின் அத்திவாரத்திலா, ஒருவரின் எலும்பின் பக்கத்திலா என்பவையே அதற்குப் பேச்சைத் தருபவை. அவற்றைப் பதியாமற் பறித்தெடுப்பவன், அந்நாணயத்தைக் காப்பாற்றி, அதன் சாட்சியத்தை அழிக்கின்றான். தம் முன்னோர் யார் என்பதை அறிய விரும்பும் ஊரார்க்கு இதனினும் பெரிய நட்டம் வேறில்லை. நட்டம் விளைவிப்பவன் அவ்வூர்ப் பிள்ளையாகவே இருப்பதும், அவன் அதனை ஆர்வத்தினாலேயே செய்வதும் இதன் துயரம்.

உலோகங்காட்டி உலோகத்தை மாத்திரமே அறியும் என்பதும் நினைவிற்குரியது. கலேவெலையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வழியில், தம்புள்ளைக்கு அண்மையில், இப்பன்கட்டுவை என்னும் இடத்தில் மிகப் பழைய இடுகாடு ஒன்று உண்டு. கற்பலகைகளை நிறுத்தி அமைத்த பெட்டி போன்ற கல்லறைகள் அங்குள. அவை ஏறத்தாழ கி.மு. 700 முதல் 450 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்பர். 1980-களில் அறிஞர்கள் அங்கு முறையாக அகழ்ந்தபோது, தாழிகளும் சாம்பலும், இரும்புப் பொருள்களும், கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்மணிகளும் கிடைத்தன. அம்மணிகளே தொலைதூர வாணிகத்தைப் பற்றி நினைக்கச் செய்தவை. உலோகங்காட்டியோடு இரவில் வந்த ஒருவன் அங்குத் தோண்டியிருப்பின், துருப்பிடித்த இரும்பைக் கண்டு ஏமாந்து, ஒலி எழுப்பாத மணிகளை மண்ணோடு எறிந்து, தாழியை உடைத்துவிட்டுப் போயிருப்பான். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு காத்திருந்த செய்தி ஓரிரவில் முடிந்திருக்கும்.

இதனாலேயே சட்டம் கடுமையாக இருக்கின்றது. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின்படி, இந்நாட்டு மண்ணில் இன்னும் வெளிப்படாதிருக்கும் தொல்பொருள்கள் அரசின் உடைமை. அவற்றைத் தேடும் நோக்கத்தோடு, தன் சொந்தக் காணியிலாயினும், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி அகழ்தல் குற்றம். 1998-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. தொல்பொருள் எது என்பதற்குச் சட்டம் வகுத்த எல்லை 1815-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கண்டி இராச்சியம் முடிவுற்ற நாள் அது. வஹகோட்டையின் பழங்கதை முழுவதும் அந்த நாளுக்கு முற்பட்டது என்பதை எண்ணினால், அவ்வூர் மண்ணுக்குச் சட்டம் எத்துணை நெருக்கமானது என்பது புலப்படும். தமிழ்நாட்டிலும் இந்தியா எங்கணும் 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கின்றது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்குப் பாதுகாக்கப்பட்ட இடங்களைத் தவிர்த்து, காணிக்காரரின் சம்மதம் பெற்றவர் உலோகங்காட்டியோடு வயல்களில் நடக்கலாம். எனினும் அந்நாட்டின் சிறந்த உதாரணம் கூட, தோண்டியவரின் புகழைக் காட்டிலும் தோண்டாது நின்றவரின் புகழாகவே விளங்குகின்றது. 1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சபோக் மாவட்டத்து ஹொக்ஸன் என்னும் கிராமத்தில், கமக்காரர் ஒருவர் வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித்தர வந்தார் அவருடைய நண்பர், ஓய்வு பெற்ற தோட்டக்காரர் ஒருவர். சுத்தியலுக்குப் பதிலாகக் கருவி வேறொன்றைக் காட்டிற்று. வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிவரத் தொடங்கின. அவர் ஒரு சில பொருள்களை எடுத்தபின் கையை நிறுத்தினார்; மிகுதியை மண்ணிலேயே விட்டு, அதிகாரிகளுக்கு அறிவித்தார். மறுநாள் தொல்பொருள் ஆய்வாளர் வந்து, மண்ணோடு கட்டிகட்டியாகப் பெயர்த்தெடுத்துச் சென்று ஆராய்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோம நாணயங்களும், பொன் வெள்ளிப் பொருள்கள் இருநூறு வரையிலும் அங்கிருந்தன.

அவர் கை நின்றதனால் விளைந்த பயன் யாது? அச்செல்வம் ஒரு மரப்பேழையினுள் வைக்கப்பட்டிருந்தது என்பதும், பேழையினுள்ளும் சிறு பெட்டிகள் இருந்தன என்பதும், எந்தப் பொருளை எதன்மேல் அடுக்கினார்கள் என்பதும் தெரிய வந்தன. உரோம ஆட்சி பிரித்தானியாவிலிருந்து நழுவிய காலத்திலே, ஒரு செல்வக் குடும்பம் தன் உடைமைகளைப் பதறாது, ஒழுங்காக மடித்து அடுக்கிப் புதைத்த காட்சி கண்முன் எழுந்தது. நண்பர் கண்டெடுத்ததற்குப் பதினேழரை இலட்சம் பவுண் பரிசாக அளிக்கப்பட்டது. அவர் அதனைக் கமக்காரரோடு பகிர்ந்துகொண்டார். காணாமற்போன சுத்தியலும் அகப்பட்டது. இன்று அதுவும் பிரித்தானிய நூதனசாலையிலே இருக்கின்றது.

இந்நாட்டுச் சட்டத்தில் அத்தகைய பரிசை எதிர்பார்த்துத் தேடுதலுக்கு இடமில்லை. ஆயினும் அத்தோட்டக்காரரின் கதையில் வஹகோட்டை இளைஞனுக்கு இரு பாடங்கள் உள. அவர் தேடச் சென்றது தொலைத்தவர் உயிரோடிருந்த ஒரு பொருளை. கண்டதோ, தொலைத்தவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட ஒரு பொருளை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அவர் அக்கணத்திலேயே உணர்ந்தார். முன்னையதை எடுத்துக் கொடுப்பது உதவி. பின்னையது தனியொருவர் கைக்குரியதன்று.

தொலைத்தவர் உள்ள பொருள்களே ஒரு வாழ்நாளுக்குப் போதுமானவை. நாற்று நடும்போது சேற்றில் நழுவிய கலியாண மோதிரம், பிள்ளை விளையாடித் தொலைத்த காதுத்தோடு, புல்லில் விழுந்த திறப்பு, வளவின் கீழே எங்கோ ஓடும் பழைய தண்ணீர்க் குழாய், மர ஆலையில் வாளின் பல்லை உடைக்கும் மறைந்த ஆணி ஆகிய இவையெல்லாம் ஊரவர் அன்றாடம் தேடுபவை. காணிக்காரரின் சம்மதத்தோடு, பகல் வெளிச்சத்தில், ஊரார் பார்த்திருக்க, விழுந்த இடத்தின் மேல்மண்ணை மாத்திரம் தேடி அவற்றை எடுத்துக் கொடுக்கலாம். கோயில், விகாரை, பாழடைந்த தாதுகோபம், பழைய குளக்கட்டு, கற்றூண் நிற்கும் காடு, இடுகாடு ஆகிய இடங்களின் பக்கமே கருவியைக் கொண்டு செல்லலாகாது.

அவ்வாறு தேடுகையிலும், எதிர்பாராத விதமாகப் பழம்பொருள் ஒன்று தலைகாட்டலாம். அப்பொழுது செய்ய வேண்டியவை சில. தோண்டுதலை உடனே நிறுத்த வேண்டும். பொருளைத் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. துருவோடு ஒட்டியுள்ள துணியின் இழையும் மரத்தின் துகளும் அதனால் அழிந்துவிடும். இடத்தையும் ஆழத்தையும் குறித்து, புகைப்படம் எடுத்து, மழை படாதவாறு மூடிவைக்க வேண்டும். பின்னர்த் தாமதமின்றிக் கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம், தொல்பொருளியல் திணைக்களம் ஆகியோருக்கு அறிவிக்க வேண்டும். குண்டு போன்ற எதுவும் தென்பட்டால், தொடாது விலகிப் பொலிசாருக்கே முதலில் அறிவித்தல் வேண்டும்.

புதையல் ஆசை இந்நாட்டிற் பல குடும்பங்களைக் கெடுத்திருக்கின்றது. மை போட்டுப் பார்ப்பவனையும், பலி கேட்கும் மந்திரவாதியையும், வாடகைக்குக் கருவி தருபவனையும் நம்பிக் காணியை ஈடு வைத்தவர்கள் உளர். இரவிற் குழி சரிந்து மாண்டவர்களும், விலங்கு மாட்டப்பட்டு நீதிமன்றப் படியேறியவர்களும் உளர். பிளக்கப்பட்ட புத்தர் சிலைகளும் குடையப்பட்ட தாதுகோபங்களும் அந்த ஆசையின் அடையாளங்களாய் நிற்கின்றன. அவர்கள் கையிலிருந்த கருவியும், மோதிரத்தைத் தேடித்தரும் இளைஞன் கையிலுள்ள கருவியும் ஒன்றே. வேற்றுமை கருவியிலில்லை.

வஹகோட்டை ஆலயத்தில் ஒரு தாய் தன் மோதிரத்துக்காக மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறாள். அவள் வயலின் வரம்பில், அடுத்த வீட்டுப் பிள்ளை காதில் ஒலிப்பானை மாட்டி மெல்ல நடந்துகொண்டிருக்கின்றான். ஓர் ஒலி கேட்கின்றது. குந்தியிருந்து, சாந்தகப்பையால் மண்ணை நீக்குகின்றான். மின்னுவது மோதிரமாயின், அதனை அவள் கையிற் கொடுப்பான். பாசி படர்ந்த, உருவம் தேய்ந்த, முன்பின் காணாத ஒரு வட்டக் காசாயின், மண்ணை அதன்மேல் மெதுவாக மூடிவிட்டு எழுந்து, கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தை நோக்கி நடப்பான். இக்கருவியைப் பயின்றவன் என்று அவனையே சொல்லலாம்.